தன்னைவிடத் துல்லியமான இயந்திரத்தை ஒரு இயந்திரம் எப்படிச் செய்கிறது?

கிண்டி மாணவி எழுதியது:

நந்தம்பாக்கத்தில் ஆக்மி இயந்திரக் கண்காட்சி பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. ஐந்து அச்சு மில்லிங் இயந்திரம் ஒன்று அலுமினியக் கட்டியிலிருந்து இம்பெல்லர் என்ற இதழ்ச் சக்கரத்தை வெட்டிக்கொண்டிருந்தது. முறுக்கி வளைந்த இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரே சீராக வந்தன. பிழை சில மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நிற்கும் என்றார்கள்.

சரி, அந்த இயந்திரத்தின் ஸ்பிண்டிலும் (டூலைச் சுழற்றும் தண்டு) ஸ்க்ரூவும் (மேசையை நகர்த்தும் மரைத் தண்டு) வேறு ஏதோ இயந்திரத்தில்தானே அரைக்கப்பட்டிருக்கும்? அந்த இயந்திரத்தை இன்னொன்று செய்திருக்கும். இப்படியே பின்னால் போனால் கடைசியில் அரமும் சுத்தியலும் மனிதக் கையும்தான் மிஞ்சுகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் பிழையை வாங்கிக்கொண்டு தன் பிழையையும் அதில் சேர்த்தால், துல்லியம் வரவரக் குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர் எதிர். எங்கள் பாடப்புத்தகத்தில் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவுப் பிழை) அட்டவணை இருக்கிறது, இதற்குப் பதில் இல்லை. பட்டறையில் வேலை பார்த்தவர்கள் விளக்குங்களேன்.


பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

தட்டையான பரப்பிலிருந்து தொடங்குங்கள் அம்மா. மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

உங்களிடம் துல்லியமான பொருள் எதுவுமே இல்லை, மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் தட்டில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி இரண்டாவதன் மேல் வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி தடவி, மறுபடி தேய்த்து, மறுபடி சுரண்ட வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டும் முழுக்கப் பொருந்திவிடும். ஆனால் பொருந்திவிட்டால் தட்டை என்று அர்த்தமில்லை. ஒன்று லேசாகக் குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் இருக்கலாம், மூடியும் பாத்திரமும் போல.

மூன்றாவது தட்டு இதற்குத்தான். ஒன்றை இரண்டோடு, இரண்டை மூன்றோடு, மூன்றை ஒன்றோடு என்று மாற்றி மாற்றிப் பொருத்துகிறோம். ஒன்று குழிவு என்றால், அதோடு பொருந்தும் இரண்டும் மூன்றும் புடைப்பாக இருக்கும். அந்த இரண்டு புடைப்புகளையும் சேர்த்து வைத்தால் நடுவில் மட்டும்தான் நீலம் ஒட்டும். குட்டு உடைந்துவிடும். எந்த ஜோடியைச் சேர்த்தாலும் பொருந்த வேண்டும் என்றால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. தட்டைத் திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு ஒளிந்துகொள்ளும்.

இதில் எந்த இயந்திரமும் வரவில்லை, முன்மாதிரியும் இல்லை. பிழையுள்ள மூன்று பொருள்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன, அவ்வளவுதான். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் பழைய அரத்தின் முனையை அரைத்துச் சுரண்டும் கருவி செய்துகொள்வோம். ஒரு இழுப்பில் சில மைக்ரான் மட்டும் போகும். சதுர அங்குலத்துக்கு எத்தனை நீலப் புள்ளி என்று மேஸ்திரி எண்ணிப் பார்ப்பார். தோள் கழன்றுவிடும். ஆனால் அந்தத் தட்டு, நாங்கள் வேலை செய்த எந்த மில்லிங் மெஷினையும்விடத் தட்டையாக இருக்கும்.

ரசமட்டத்துக்கும் இதே தந்திரம்தான். மட்டமே பிழையானது என்றாலும் கவலை இல்லை. ஒரு இடத்தில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றி வைத்துப் பாருங்கள். குமிழி எந்தத் திசையில் எவ்வளவு விலகுகிறது என்று இரண்டு தடவையும் பார்த்தால், இரண்டின் சராசரி தரையின் சாய்வு, வித்தியாசத்தில் பாதி மட்டத்தின் பிழை. மூலைமட்டத்தையும் கவிழ்த்துப் போட்டுக் கோடு கிழித்தால் அதன் கோணல் இரட்டிப்பாகத் தெரியும்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஃபிட்டர் ஐயா சொன்ன மூன்று தட்டு முறை ஹென்றி மாட்ஸ்லியின் லண்டன் பட்டறையில் புழங்கியது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே வாசித்தார். அடுத்த வருடம் 55 டிகிரி கோணத்தில் போல்ட், நட் மரைக்கு ஒரு பொது அளவு முன்வைத்தவரும் அவர்தான். அதற்கு முன்னால் ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட் ஏறாது.

மாணவி கேட்டதில் ஸ்க்ரூவும் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். 1800ஐ ஒட்டி மாட்ஸ்லி தன் மரை வெட்டும் லேத்தைச் செய்தபோது அவருக்கு முன்னால் இருந்த கேள்வியும் உங்கள் கேள்விதான். டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ சரியாக இருந்தால்தான் லேத் சரியான மரை வெட்டும். சரியான லீட் ஸ்க்ரூவுக்கோ சரியான லேத் வேண்டும். அவருக்குக் கைகொடுத்த வழிகளில் ஒன்று நீளமான நட். பல மரைகளை ஒரே நேரத்தில் கவ்விப் பிடிக்கும் நட் ஒரு தனி மரையின் பிழைக்கு ஆடாது, எல்லாவற்றின் சராசரியில்தான் நகரும். அதனால் அதைக்கொண்டு வெட்டிய அடுத்த ஸ்க்ரூவில் உள்ளூர்ப் பிழைகள் குறைகின்றன. அதை வைத்து இன்னொன்று வெட்டலாம். இப்படித் தலைமுறை தலைமுறையாக ஸ்க்ரூவின் வம்சம் திருந்தி வருகிறது. பட்டறையில் அளவுச் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல அவர் ஒரு மேசை மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். அதற்கு லார்ட் சான்சலர் என்று பெயர்.

வட்டம் இன்னும் அழகானது. ஒரு வட்டத்தை எத்தனை கூறாகப் பிரித்தாலும் கூட்டினால் 360 டிகிரி வந்தே தீரும். அதிகமாகப் போன இடத்தை வேறெங்கோ குறைந்த இடம் காட்டிக்கொடுக்கும். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் செய்த பிரிப்பு இயந்திரத்தின் சக்கரம் 45 அங்குல விட்டம், 2160 பற்கள். ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் சரியாக 10 பாகை நிமிடம் நகரும். கப்பல்களின் செக்ஸ்டன்ட் கருவிகளுக்கு அதில்தான் கோடு கிழித்தார்கள்.

ராம்ஸ்டனின் கைவேலை நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் இந்திய நில அளவையின் அடிக்கோட்டை (கணக்குக்கெல்லாம் ஆதாரமான முதல் நீளம்) அளந்தது ராம்ஸ்டன் பட்டறையின் 100 அடி எஃகுச் சங்கிலியால்தான். ஆக்மி நடக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

வில்கின்சனைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஜேம்ஸ் வாட் 1769இல் நீராவி எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் உருளையை வட்டமாகக் குடைந்து தர ஆளில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே நீராவி கசிந்துகொண்டே இருந்தது. பீரங்கிக் குழல் குடைந்துகொண்டிருந்த ஜான் வில்கின்சன், வெட்டும் தண்டை உருளைக்குள் ஊடுருவ விட்டு இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு எடையால் தொங்கும், இது தொங்காது. 50 அங்குல உருளை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகாமல் வந்தது என்று வாட்டின் கூட்டாளி போல்டன் எழுதி வைத்திருக்கிறார். தொழிற்புரட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் வாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம். வில்கின்சனின் போரிங் மெஷின் இல்லாமல் வாட்டின் யோசனை காகிதத்திலேயே கிடந்திருக்கும்.


புதுப்பேட்டை போரிங் எழுதியது:

ஒரு ஷில்லிங் கனம்! இன்றைக்கு எங்கள் தெருவில் எந்த போரிங் கடைக்கு வேண்டுமானாலும் ஒரு பைக் சிலிண்டரை எடுத்துப் போங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, நாலைந்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு போர் போட்டு, ஹோனிங் அடித்து (உட்சுவரை நுண்ணியதாகத் தேய்த்து) கொடுப்பார்கள். நீங்கள் வெளியில் நின்று டீ குடித்துவிட்டு வரலாம். வில்கின்சனும் வாட்டும் இதைப் பார்த்திருந்தால் அந்தத் தெருவிலேயே வீடு எடுத்துத் தங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.


20 டிகிரி எழுதியது:

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு பேசுகிறோம், வெப்பத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே! ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் அளவைக் கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. எனக்குச் சாப்பாடு போடுவதே இந்த வெப்பம்தான்.

எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் வளரும். உலகம் முழுக்க நீளத்தைச் சொல்வது 20 டிகிரி செல்சியஸில். மே மாதம் கூரைக்குக் கீழே 40 டிகிரி என்றால் 50 மி.மீ. தண்டு 11.5 மைக்ரான் பெருத்திருக்கும். பேரிங் ஏறும் 50 மி.மீ. தண்டுக்கு எச்6 என்ற டாலரன்ஸ் குறியை வரைபடத்தில் போட்டிருந்தால் அனுமதிக்கும் மொத்த அளவு வித்தியாசமே 16 மைக்ரான்தான். முக்கால்வாசியை வெயில் தின்றுவிடுகிறது.

தண்டும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை தானாகக் கழிந்துவிடும். சிக்கல் அலுமினியத்தில். அது எஃகைப்போல் இரண்டு மடங்கு வளரும். கழுவும் இயந்திரத்திலிருந்து சூடாக வந்த அலுமினிய ஹவுசிங்கை உடனே அளந்து ஓகே முத்திரை போட்டால், ராத்திரி ஆறிய பிறகு அது ரிஜெக்ட். அதனால் எங்கள் கூடத்தில் எந்த ஜாப் (வேலைக்கு வரும் பாகம்) வந்தாலும் முதலில் சூடு சமமாகும்வரை கிரானைட் தட்டின் மேல் ஊற வைப்போம். ஏன் தாமதம் என்று தினமும் யாராவது புதியவர் கேட்பார், தினமும் சொல்வேன்.

20 டிகிரி என்ற ஒப்பந்தம் 1931இல் வந்தது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1951இல் வெளியிட்ட முதலாவது பரிந்துரையே இதுதான். மற்ற எந்த அளவுக்கும் முன்னால் இதைத் தீர்த்தாக வேண்டியிருந்தது.

இந்தத் துறையில் நான் கையெடுத்துக் கும்பிடும் ஆள் ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோகான்சன். துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி கேஜ் செய்து குவிப்பதைப் பார்த்து, 1896இல் ஒரு யோசனை செய்தார். எஃகுக் கட்டிகளைச் சில குறிப்பிட்ட அளவுகளில் செய்துகொண்டு, வேண்டிய அளவுக்கு ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டால் போதும். 102 கட்டிகளை வைத்து 20,000 அளவுகள் அமைக்கலாம். வீட்டுத் தையல் இயந்திரத்தை அரைக்கும் இயந்திரமாக மாற்றித்தான் முதல் கட்டிகளை முடித்தார். ஸ்லிப் கேஜ் எனப்படும் இந்தக் கட்டிகள் இரண்டைத் துடைத்து அழுத்தித் திருகினால் காந்தம் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது. என் கூடத்துக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் விரல் படக்கூடாது. நம் கடற்காற்றில் விரல் ரேகை அப்படியே துருவாக மறுநாள் தெரியும். வேலை முடிந்ததும் துடைத்து வாசலின் தடவிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

லாம்டன் விஷயம் சொன்னீர்கள் ஏட்டுச்சுவடி. பரங்கிமலையில் அவர்கள் அளந்ததும் ஏப்ரல், மே வெயிலில்தான். சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துத் திருத்தம் போட்டார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே என் வேலையைச் செய்திருக்கிறார்கள்.


ஜி54 எழுதியது:

நான் அம்பத்தூரில் சிஎன்சி புரோகிராமர். பெரியவர்கள் சொன்ன எல்லாமே ரசித்துப் படித்தேன். ஆனால் கதை மாட்ஸ்லியோடு நின்றுவிட்டது போல் இருக்கிறது. இன்றைய துல்லியம் இரும்பில் இல்லை, எண்ணில் இருக்கிறது என்பது என் கட்சி.

அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைக்கு வளைவு வெட்ட வழி தேடினார். வளைவின் மேல் ஏராளமான புள்ளிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரத்தை நகர்த்தினால் வளைவு வந்துவிடும். மனிதக் கைக்கு அது தாங்காது. எம்ஐடி ஆய்வகம் அதை எடுத்து, 1952இல் சின்சினாட்டி மில்லிங் மெஷின் ஒன்றைத் துளையிட்ட நாடாவால் ஓட்டிக் காட்டியது. மூன்று அச்சும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வெற்றிடக் குழாய்கள், மில்லிங் மெஷினைவிடப் பெரியது. இன்று அதே வேலையைச் செய்யும் அட்டை என் உள்ளங்கையில் அடங்கும்.

முக்கியமான விஷயம் காம்பன்சேஷன், அதாவது பிழையை ஈடுகட்டுவது. புது மெஷின் இறங்கியதும் லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளி அலைகளை எண்ணி நீளம் அளக்கும் கருவி) வைத்து மேசையை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஸ்க்ரூ எத்தனை மைக்ரான் பிசகுகிறது என்று அளக்கிறோம். அந்த அட்டவணையைக் கன்ட்ரோலருக்குள் ஏற்றிவிட்டால், 300 மி.மீ.க்குப் போ என்றால் பிழையைக் கழித்துக்கொண்டு போகும். ஸ்க்ரூவைத் திருத்தவே இல்லை, அதன் பிழையைத் தெரிந்துகொண்டோம். கிண்டி மாணவியின் கேள்விக்கு இதுதான் இன்றைய பதில். சுரண்டி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது.


பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

முதல் பாதியை முழுசாக ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கடைசி வரியை இல்லை.

உங்கள் அட்டவணை திருத்துவது தினமும் ஒரே மாதிரி வரும் பிழையை. 300இல் எப்போதும் 4 மைக்ரான் அதிகம் என்றால் கழித்துவிடலாம். இன்று 4, நாளை 1, மதியம் 7 என்று வந்தால் எந்த எண்ணைக் கழிப்பீர்கள்? மேசை வழித்தடத்தில் ஒட்டி ஒட்டி விட்டு நகர்ந்தால், கிப் (நகரும் பாகத்தின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) தளர்ந்திருந்தால், கன்ட்ரோலர் என்ன செய்யும்? மாறாமல் ஒரே இடத்துக்குத் திரும்ப வரும் குணத்தை இரும்பில்தான் வைக்க முடியும். எண் அதற்குப் பிறகு.

சுரண்டும் காலம் முடியவும் இல்லை. ஜப்பானில் யாஸ்டா, மிட்சுய் செய்கி போன்ற உச்சத் துல்லிய இயந்திரங்கள் செய்பவர்கள் இன்றும் பொருந்தும் முகங்களைக் கையால்தான் சுரண்டுகிறார்கள். அரைக்கும் இயந்திரம் தன் தடத்தின் வடிவத்தையே ஜாப்பில் பதிக்கும். மனிதக் கைக்கு அந்தத் தடம் கிடையாது, நீலம் எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் எடுக்கும். சுரண்டிய குழிகளில் எண்ணெய் நிற்கும் என்பது கூடுதல் லாபம்.


20 டிகிரி எழுதியது:

இரண்டு பேரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று தட்டில் நீலம் செய்த வேலையை லேசர் மெஷினில் ஒளி செய்கிறது. ஹீலியம் நியான் லேசரின் அலைநீளம் 0.633 மைக்ரான். கண்ணாடி அதில் பாதி தூரம் நகர்ந்தால் ஒரு வெளிச்சப் பட்டை கடக்கும், எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 1983இலிருந்து மீட்டரே ஒளியின் வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதாவது இன்றைக்கு நம் முதல் அளவுகோல் எந்த இயந்திரத்திலும் செய்யப்படவில்லை.

மாணவியின் சங்கிலி அறுபடுவது இங்கேதான். இயந்திரம் தன் தாயிடமிருந்து துல்லியத்தை வாங்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, பிழையைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். தெரிந்துவிட்டால் எடுத்துவிடலாம், கையாலோ எண்ணாலோ.

தம்பி ஜி54, ஒரு கேள்வி. காலையில் முதல் ஜாப் போடுவதற்கு முன்னால் ஸ்பிண்டிலை வெறுமனே ஓட விடுகிறீர்களா?


ஜி54 எழுதியது:

விடுகிறோம் அக்கா. சூடு ஏற ஏற ஸ்பிண்டில் நீளும், டூல் முனை கீழே இறங்கும். ஓட விடாமல் ஆரம்பித்தால் முதல் ஜாப்புக்கும் பத்தாவது ஜாப்புக்கும் ஆழம் ஒத்துவராது. மின்சாரம் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஃபிட்டர் ஐயா சொன்ன தினமும் மாறும் பிழைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. இப்போது வரும் மெஷின்களில் உடலில் பல இடங்களில் வெப்ப உணரி வைத்து, எவ்வளவு நீளும் என்று கணித்துக் கழிக்கிறார்கள். கணிப்பு கணிப்புதான்.


வயர்கட் எழுதியது:

எல்லோரும் வெட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தொடாமலே எடுக்கும் இயந்திரத்தைப் பற்றியும் பேசுவோம்.

1943இல் மாஸ்கோவில் போரிஸ் லசரென்கோ, நதாலியா லசரென்கோ என்ற தம்பதி, மின் தொடுப்புகள் பொறியால் அரிக்கப்படுவதை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தொடுப்புகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தபோது பொறி இன்னும் கட்டுக்குள், இன்னும் சீராக அரித்தது. தடுக்கப் போனவர்கள் அந்த அரிப்பையே கருவியாக்கினார்கள். இன்று டூல் ரூம்களில் ஓடும் ஸ்பார்க் மெஷினுக்கும் வயர்கட்டுக்கும் ஆரம்பம் அதுதான்.

என் மெஷினில் 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் அயனி நீக்கிய தண்ணீர். கம்பி இரும்பைத் தொடாது, நடுவில் பொறி மட்டும் பறக்கும். ஹார்டனிங் முடிந்து 60 ராக்வெல் கடினத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போகும் டை ஸ்டீலில், உட்புற மூலையைக்கூடக் கூர்மையாகத் திருப்பும். முன்பெல்லாம் டையை மென்மையான நிலையில் செய்து முடித்துப் பிறகு ஹார்டனிங் போடுவார்கள். சூட்டில் முறுக்கிக்கொண்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. இப்போது முதலில் ஹார்டனிங், பிறகு வெட்டு. இந்த வரிசை மாறியதை நான் மிகப் பெரிய மாற்றமாக நினைக்கிறேன். வெட்டி முடித்த பஞ்ச்சை (டைக்குள் இறங்கித் தகட்டை வெட்டும் பாகம்) கையில் வைத்து டையின் ஓட்டைக்குள் இறக்கும்போது காற்று மட்டும் மெல்ல வெளியேறும். எத்தனை வருடமானாலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை.


அம்பத்தூர் ஷெட் எழுதியது:

வெட்டுவதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் அப்பா காலத்திலிருந்து ஷெட் நடத்துகிறோம். இயந்திரம் மாறியதைவிட டூல் முனை மாறியதுதான் எங்கள் பிழைப்பை மாற்றியது.

கார்பன் ஸ்டீல் டூல் கொஞ்சம் சூடானாலே மழுங்கிவிடும். டெய்லரும் வொயிட்டும் கண்டுபிடித்த ஹைஸ்பீட் ஸ்டீலை 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். முனை சிவக்கச் சிவக்க வெட்டியது, பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா? பழைய லேத்துகள் எல்லாம் ஒரே நாளில் பலவீனமாகத் தெரிந்தன. டூல் தாங்கியது, மெஷின் தாங்கவில்லை. கனமான பெட் (லேத்தின் அடித்தளம்), பலமான கியர் என்று லேத்தையே புதிதாக வடிவமைக்க வேண்டி வந்தது. 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் க்ரூப் நிறுவனம் விடியா என்ற கார்பைடைக் கொண்டுவந்தபோதும் இதே கதை திரும்பியது. மைல்டு ஸ்டீலில் ஹைஸ்பீட் ஸ்டீல் நிமிடத்துக்கு 30 மீட்டர் போகும் என்றால் கோட்டிங் போட்ட கார்பைடு இன்சர்ட் 200ஐச் சாதாரணமாகத் தாண்டும். சுருள் நீலமாக வந்தால் சூடு சுருளோடு போகிறது, ஜாப்பில் தங்கவில்லை என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். இன்றும் நான் முதலில் பார்ப்பது சுருளின் நிறத்தைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் மனத்தாங்கல். 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் உதவியோடு பெங்களூரில் இயந்திரங்கள் செய்யும் எச்எம்டி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப், அதற்கும் சுவிஸ் கூட்டு. அதே வருடங்களில் என்ஃபீல்டு திருவொற்றியூரில். அப்புறம் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள். எச்எம்டி லேத் இல்லாத ஷெட் அப்போது அபூர்வம். நம் ஊர் நன்றாக லேத் ஓட்டக் கற்றுக்கொண்டது, லேத் செய்யவும் கற்றுக்கொண்டது. ஆனால் இன்று என் ஷெட்டில் இருக்கும் இந்திய சிஎன்சியைத் திறந்து பார்த்தால் கன்ட்ரோலர் ஜப்பான், ஸ்க்ரூவும் லீனியர் கைடும் வெளிநாடு. வார்ப்பும் அசெம்பிளியும் நம்முடையது. மூளையும் மூட்டும் இன்னும் முழுசாக நம்முடையது ஆகவில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. 1987இல் தோஷிபா மெஷின் விவகாரம் வெடித்தது நினைவிருக்கலாம். கப்பல் புரொபெல்லர் வெட்டும் பல அச்சு மில்லிங் மெஷின்களை ஜப்பான் கம்பெனி சோவியத் யூனியனுக்கு விற்றது, கன்ட்ரோலர் நார்வேயின் காங்ஸ்பெர்க். நீர்மூழ்கிகளின் சத்தம் குறைய அது உதவும் என்று அமெரிக்கா கொதித்தது. ஒரு மில்லிங் மெஷினுக்காக நாடுகள் முட்டிக்கொண்டன. உச்சத் துல்லிய இயந்திரங்களை யார் யாருக்கு விற்கலாம் என்று இன்றும் கட்டுப்பாடு இருக்கிறது. காசு வைத்திருந்தாலும் கிடைக்காத பொருள் அது. ஐஐடி மெட்ராஸில் மேம்பட்ட உற்பத்தித் தொழில்நுட்ப மையம் இந்தத் திசையில் வேலை செய்கிறது. பத்து மடங்கு ஆள் அதில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை.


கிண்டி மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு கிடைத்துவிட்டது. மூன்று தட்டை நானே செய்து பார்க்கப் போகிறேன், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வார்ப்பிரும்புத் துண்டுகள் கிடக்கின்றன.

ஒரு சின்னத் துணைக் கேள்வி. ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ராக்கெட்டின் எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர், இனி வெட்டுவதற்கே வேலை இல்லை, லேத் பாடம் எதற்கு என்கிறார்கள்.


வயர்கட் எழுதியது:

உள்ளே வளைந்து ஓடும் குளிர்விப்புப் பாதைகளை எந்த லேத்தாலும் எந்தக் கம்பியாலும் குடைய முடியாது. அங்கே பிரிண்டிங்தான் ராஜா. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைச் செய்து பறக்கவிட்டது பெரிய விஷயம். ஆனால் உலோகப் பிரிண்டில் முகம் சொரசொரப்பாகத்தான் வரும். பிரிண்ட் ஆன பாகத்தை அடித்தட்டிலிருந்து பெரும்பாலும் அறுத்துத் தருவதே எங்கள் வயர்கட்தான். சீல் உட்காரும் முகம், மரை, பேரிங் இருக்கை எல்லாம் மறுபடி மெஷினுக்குத்தான் வரும். வகுப்பில் சொல்லுங்கள்.


ஒற்றை லேத் எழுதியது:

இழையில் கடைசியாக நுழைகிறேன், மன்னிக்கவும். பழைய எச்எம்டி என்எச்22 ஒன்று விலைக்கு வருகிறது. சொந்தமாக ஜாப் ஒர்க் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். புரோக்கர் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். ஃபிட்டர் ஐயா, எதைப் பார்க்க வேண்டும்?


பெரம்பூர் ஃபிட்டர் எழுதியது:

பெயின்டைப் பார்க்காதீர்கள் தம்பி, பெட்டைத் தொட்டுப் பாருங்கள். லேத் எப்போதும் சக்கு (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் தலை) பக்கம்தான் தேயும், வேலை எல்லாம் அங்கேதான் நடக்கும். டூலைத் தாங்கி நகரும் கேரியேஜைச் சக்கு அருகில் வைத்து, கிப்பை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். அப்படியே எதிர் முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் சக்கு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். லீட் ஸ்க்ரூவையும் அங்கேதான் பாருங்கள், டெயில்ஸ்டாக் பக்கத்து மரையோடு ஒப்பிட்டால் தெரியும்.

அப்புறம் ஒரு தடித்த கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், இரண்டு இடத்தில் மோதிரம் மாதிரி விட்டுவிட்டு நடுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே டூல், ஒரே செட்டிங்கில் இரண்டு மோதிரத்தையும் மெல்லிய வெட்டில் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளங்கள். வித்தியாசம் வந்தால் உடனே பெட்டைக் குறை சொல்லாதீர்கள். நிறைய லேத்துகள் சமமில்லாத தரையில் நின்று முறுக்கிக்கொண்டிருக்கும். நல்ல ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் பாருங்கள், முனை மாற்றியும் வையுங்கள். அடி போல்ட்டைத் திருகிச் சமன் செய்துவிட்டு மோதிரங்களை மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகும் கூம்பு வந்தால்தான் தேய்மானத்தைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு தடவை அளந்த எண்களையும் இங்கே போடுங்கள், பெட் கிரைண்டிங் தேவையா, கேரியேஜை மட்டும் சுரண்டினால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.